அண்ணி இடித்த சுவர்

நான் அவருக்கு நாத்தனார். அண்ணியைப் புகழ்வது என் வேலை இல்லை. குறை கண்டுபிடிப்பதுதான் என் வேலை, முப்பது வருடமாக அதை ஒழுங்காகச் செய்தும் வருகிறேன். அப்படிப்பட்ட நானே சொல்கிறேன், அண்ணியை நினைத்தால் எனக்குப் பெருமையாக இருக்கிறது.

நூற்பாலையில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தவர் அண்ணி. அங்கே இயந்திரங்கள் போடும் சத்தத்தில் பக்கத்தில் நின்று கத்தினாலும் கேட்காது. அதனால் அந்தப் பெண்கள் உதட்டை அசைத்தே பேசிக்கொள்வார்கள். குரலே இல்லாமல் வம்பு பேசுவார்கள், சண்டை போடுவார்கள், சிரிப்பார்கள். அந்தச் சத்தம் அண்ணியின் காதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டது. ஆனால் உதட்டைப் படிக்கும் வித்தை கைவசம் இருந்ததால் யாருக்கும் பிடிபடவில்லை. அண்ணன்கூட "கொஞ்சம் மந்தம், அவ்வளவுதான்" என்றே நினைத்திருந்தான்.

எனக்கும் தற்செயலாகத்தான் தெரியவந்தது. ஒருநாள் என் வீட்டில் பேசிக்கொண்டிருந்தபோது கரண்ட் போனது. நான் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனேன், அண்ணியிடமிருந்து ஒரு 'ம்' கூட வரவில்லை. கோபமோ என்று பயந்து மெழுகுவத்தியை ஏற்றி அவர் முகத்துக்கு நேரே பிடித்தேன்.

"என் மூஞ்சிக்கு எதுக்குடி வெளிச்சம்? உன் மூஞ்சிக்கிட்ட பிடி. அப்பதான் நீ பேசறது எனக்குப் புரியும்" என்றார். அப்புறம், "இதை வெளிய சொன்னே, தொலைச்சுடுவேன்" என்றும் சேர்த்துக்கொண்டார்.

அண்ணி வீட்டின் பழைய சமையலறை, பின்பக்கம் ஒடுக்கமாக, புகை பிடித்துக் கிடக்கும். அடுப்பு சுவரை ஒட்டி இருந்தது. விருந்தாளிகள் கூடத்தில், அண்ணி சுவருக்கு இந்தப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு. தட்டுகளை எடுத்துக்கொண்டு வெளியே வருவதற்குள் அங்கே பேச்சும் சிரிப்பும் ஓய்ந்திருக்கும். மகனுக்குக் கல்யாணமாகி, சம்பந்தி வீட்டார் வந்துபோக ஆரம்பித்ததும் விஷயம் முற்றியது. "சம்பந்தியம்மாவுக்குத் தலைக்கனம். கூப்பிட்டா திரும்பிக்கூடப் பாக்க மாட்டாங்க" என்று அவர்கள் சொன்னது என் காதுக்கு வந்தது. அதை அண்ணியிடம் போட்டுக்கொடுத்ததும் நான்தான்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அதே மாதம், சமையலறைச் சுவரை இடிக்கப்போவதாக அறிவித்தார். ஏன் என்று என்னிடம் மட்டும் சொன்னார்: "அவங்க பேசும்போது நானும் கூட உக்காந்து பேசணும். அவ்வளவுதான் எனக்கு."

காரணம் தெரியாத மற்றவர்களுக்கு அழகு பற்றிய சண்டைதான் பெரிதாக இருந்தது. மருமகளுக்கு எல்லாம் பளிச்சென்று வெள்ளையாக, பிடியே இல்லாத அலமாரிகளாக வேண்டும். அண்ணனுக்கோ பழைய தேக்குக் கதவுகளையும் பித்தளைப் பிடிகளையும் விட மனசில்லை. போதாததற்கு அண்ணி, ஆலை கேன்டீனில் கழித்துப்போட்ட ஒரு எவர்சில்வர் மேசையை வேறு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து நின்றார்.

"மூணு பேர் சட்டையைப் பிரிச்சு ஒரே சட்டையா தைக்கச் சொல்றீங்கம்மா" என்று மேஸ்திரி தலையில் கை வைத்தார்.

"தைங்க. ஆளுக்கு ஒரு கையா இருந்துட்டுப் போகட்டும்" என்றார் அண்ணி.

கடைசியில் கீழே தேக்கு, மேலே வெள்ளை, நடுவில் ஆலை மேசை. குறை சொல்வதற்கென்றே போய் மூன்று முறை சுற்றி வந்தேன். ஒன்றும் அகப்படவில்லை. வெள்ளைக்குப் பக்கத்தில் தேக்கு இன்னும் எடுப்பாகத் தெரிந்தது. எவர்சில்வர் இரண்டுக்கும் நடுவில் சமாதானம் செய்துவைக்க வந்த ஆள் மாதிரி நின்றது. தலையில் கை வைத்த அதே மேஸ்திரி, பிறகு வேறு ஆட்களைக் கூட்டிவந்து தன் சொந்த யோசனை என்று காட்டிக்கொண்டிருந்தார்.

அண்ணி பிடிவாதம் பிடித்தது வேறு விஷயங்களில். சாப்பாட்டு மேசை நீளமாகக் கூடாது, வட்டமாகத்தான் வேண்டும். அடுப்பு அந்த மேசையைப் பார்த்து இருக்க வேண்டும். விளக்கு தலைக்கு மேலே தொங்கக் கூடாது, உட்காருகிறவர்களின் முகத்தில் விழ வேண்டும். "போட்டோ ஸ்டுடியோ ஏதாவது நடத்தப் போறீங்களாம்மா?" என்று மேஸ்திரி கேட்டார். மருமகள், மேசைக்குப் பின்னால் சுவர் அகலத்துக்கு ஒரு ஜன்னல் வைக்கலாமா என்று கேட்டபோது, வெளிச்சம் என்ற ஒரு வார்த்தைக்காகவே அண்ணி உடனே தலையாட்டினார்.

வேலை முடிந்த அன்று சாயங்காலம் விளக்குகளைப் போட்டுச் சோதனை. ஜன்னலோரப் பெஞ்சில் நான் உட்கார்ந்து குரல் எழுப்பாமல் அவரைத் திட்டினேன். அடுப்படியில் நின்றபடி ஒவ்வொரு திட்டுக்கும் பதில் வந்தது. இரண்டு பேருக்கும் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

விடுமுறை நாளில், மதியச் சாப்பாட்டுக்குச் சம்பந்திகள் வந்தார்கள். அடுப்புப் பக்கம் அண்ணி. ஜன்னலோரம் சம்பந்தியும் அவர் மனைவியும், பக்கத்தில் நான். உச்சிவெயில் அந்தப் பெரிய ஜன்னல் வழியாகக் கொட்டிக்கொண்டிருந்தது. சம்பந்தியம்மா வாய் ஓயாமல் சமையலறையைப் பாராட்டினார். அண்ணி தலையை ஆட்டினார். ஆனால் எல்லோரும் சிரித்து முடித்த பிறகு சிரித்தார். எழுந்து அண்ணி பக்கம் போய்ப் பார்த்தேன். வெயிலுக்கு எதிரே அவர்கள் முகம் வெறும் கறுப்பாகத் தெரிந்தது. கண்ணில்லை, மூக்கில்லை, வாயில்லை. சாயங்காலத்தில் சோதனை செய்த புத்திசாலிகள் நாங்கள் இரண்டு பேரும் பகலை யோசிக்கவே இல்லை.

அதற்குள் சம்பந்தி, "என் தம்பி ஆஸ்பத்திரியில இருக்கான். பத்து நாளாச்சு" என்றார்.

அண்ணி சிரித்த முகத்தோடு, "நல்லது, நல்லது" என்றார்.

சாப்பிட்டுக்கொண்டிருந்த கைகள் அப்படியே நின்றன. அண்ணன் அண்ணியை முறைத்தான். மருமகள் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். எல்லோருடைய முகத்தையும் சுற்றிப் பார்த்த அண்ணிக்கு, எதுவோ தப்பாகிவிட்டது என்று புரிந்தது. பழைய அண்ணியாக இருந்திருந்தால் தண்ணீர் எடுக்கிற சாக்கில் நழுவியிருப்பார். இப்போது ஒளிந்துகொள்ளச் சுவரும் இல்லை.

அடுப்பை அணைத்தார். கையைத் துடைத்துக்கொண்டார்.

"எனக்குக் காது கேக்காதுங்க" என்றார். "கொஞ்சம்கூட கேக்காது. மில்லுச் சத்தத்துல போயிடுச்சு. உங்க வாயைப் பாத்துதான் இத்தனை நாளா பேசறேன். இப்ப வெயில்ல உங்க மூஞ்சி தெரியல. நீங்க சொன்னது என்னன்னு எனக்குத் தெரியாது. ஏதாவது தப்பா சொல்லியிருந்தா மன்னிச்சுக்குங்க."

மருமகள்தான் முதலில் எழுந்தாள். "அத்தை, போர்வையைக் கட்டி ஜன்னலை மூடிடறேன்" என்றாள், கண் கலங்க.

"வேண்டாம். ஆசைப்பட்டு வெச்ச ஜன்னல். எல்லாரும் எழுந்து இந்தப் பக்கம் வாங்க, நான் அங்க வந்துடறேன்."

வந்தார்கள். சம்பந்தி தன் தட்டைத் தானே தூக்கிக்கொண்டு அடுப்படிக்கு வந்தார். நாற்காலிகளை இழுத்துப் போட்டோம். ஜன்னலுக்கு முதுகு காட்டி அண்ணி பெஞ்சில் உட்கார்ந்தார். எங்கள் எல்லோருடைய முகத்திலும் வெயில் அடித்தது.

"அப்ப அடுப்பை யாரு பாக்கறது?" என்றான் அண்ணன்.

"பக்கத்துலதானே நிக்கறீங்க" என்றார் அண்ணி. அவன் மறுபேச்சில்லாமல் கரண்டியை எடுத்துக்கொண்டான்.

சம்பந்தியம்மா கணவர் பக்கம் லேசாகத் திரும்பி, பக்கத்தில் இருந்த எனக்கே சிரமப்பட்டுத்தான் கேட்ட குரலில், "பாவம்ங்க, நாம போய் தலைக்கனம்னு நினைச்சோமே" என்றார்.

"பாவமெல்லாம் இல்லீங்க சம்பந்தி" என்று எதிரிலிருந்து பதில் வந்தது. "நீங்க நினைச்சதுல தப்பும் இல்ல, கொஞ்சம் தலைக்கனம் இருக்கத்தான் செய்யுது. அதை விடுங்க. உங்க வீட்டுக்காரர் ஏதோ சொன்னாரே, அதை முதல்ல சொல்லச் சொல்லுங்க."

சம்பந்தியம்மா திகைத்துப்போய் வாயைப் பொத்திக்கொண்டார். சம்பந்தி நிமிர்ந்து உட்கார்ந்து, தம்பி விழுந்தது, ஆபரேஷன் ஆனது, இரண்டு நாளாகக் கண் திறக்காதது என்று ஒன்றுவிடாமல் சொன்னார். அண்ணி அவர் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. இடையிடையே கேள்வி கேட்டார். எனக்கு நெஞ்சு நிறைந்து போனது, வெளியே காட்டிக்கொள்ளவில்லை. அடுப்பில் ஏதோ அடி பிடித்தது, யாரும் கண்டுகொள்ளவில்லை.

நாலு மணிக்குத்தான் அவர்கள் கிளம்பினார்கள். அதுவரை அண்ணி அந்தப் பெஞ்சைவிட்டு ஒரு முறைகூட எழுந்திருக்கவில்லை.