பத்தொன்பதாம் நாளுக்குப் பிறகு

கார்களுக்குப் பெயின்ட் அடிக்கும் பட்டறையில் அவனை எல்லாரும் ஷேடு என்றுதான் கூப்பிட்டார்கள். எந்த வண்டி வந்து நின்றாலும் கதவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, எந்த நிறத்தில் எத்தனை சொட்டு கூட்ட வேண்டும் என்று சொல்லிவிடுவான். வயது இருபத்து மூன்று. அக்கா வீட்டின் பின்னறையில் குடியிருந்தான்.

பட்டறையில் பெயின்ட் கரைக்கும் தின்னர் டப்பாக்கள் சுவரோரம் அடுக்கியிருக்கும். ஒரு தீக்குச்சி உரசினால் கூரை பறந்துவிடும் என்பதால் அங்கே யாரும் சிகரெட் பிடிப்பதில்லை. எல்லாம் பொட்டலம்தான். பாக்கும் புகையிலையும் தூளாகக் கலந்த அந்தச் சின்னப் பொட்டலத்தைக் கிழித்துக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டால் ஒரு மணி நேரம் ஓடும். ஷேடு பதினேழு வயதில் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வாரமே பழகிவிட்டான். பழக்கியவன் டொக்கு, அதே வயதுக்காரன், நசுங்கிய தகட்டைத் தட்டி நிமிர்த்துகிற டிங்கர். "இதைப் போட்டா பசிக்காது, தூக்கம் வராது, முதலாளி திட்டறதும் காதுல விழாது" என்று டொக்கு அன்று சொன்னது முக்கால்வாசி உண்மையாகவே இருந்தது.

நாளுக்கு ஒன்றில் தொடங்கியது, ஆறு வருடத்தில் பதினொன்றுக்கு வந்து நின்றது. துப்புவதற்காகவே ஸ்ப்ரே அறையில் முகமூடியை நாலு தடவை கழற்றி மாட்டுவான். அக்கா மூக்கைச் சுளித்தால் தின்னர் மேல் பழியைப் போடுவான்.

ஒருநாள் மதியம் சாப்பிடும்போது ஒரு பந்தயம் கிளம்பியது. அவித்த முட்டையை முழுசாக யார் வாய்க்குள் போடுவது என்று. டொக்கு போட்டுக் காட்டி, கன்னம் இரண்டும் உப்ப நின்றான். அடுத்தது ஷேடு. முட்டை பல்லில் முட்டிக்கொண்டு நின்றது.

"வாயை நல்லா தொறடா."

"தொறந்துதான்டா இருக்கேன்."

"பேசும்போது மட்டும் ஊர் அகலத்துக்குத் தொறக்குது?"

எல்லாரும் சிரித்தார்கள். ஷேடும் சிரிக்கப் பார்த்தான். ஆனால் தாடை அதற்கு மேல் இறங்கவில்லை. கன்னத்துக்குள் யாரோ கயிறு கட்டி இழுத்துப் பிடித்த மாதிரி இருந்தது. காரம் பட்டாலே சில மாதமாக வாய் எரிவதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. முட்டையைப் பிய்த்துத் தின்றுவிட்டு, மறுநாள் அரைநாள் லீவு சொன்னான்.

சுகாதார நிலையத்துப் பல் டாக்டரம்மா அவனுடைய விரல்களையே ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வாய்க்குள் விடச் சொன்னார். மூன்று போக வேண்டிய இடத்தில் இரண்டுதான் போனது. பிறகு ஒரு கண்ணாடியைக் கையில் கொடுத்தார். இடது கன்னத்தின் உட்புறம், பொட்டலம் குடியிருந்த இடத்தில், வெள்ளையாக ஒரு திட்டு. பெயின்டுக்கு அடியில் பூசும் பட்டி, சரியாகத் தேய்க்காவிட்டால் மேலே தெரிவதைப் போல இருந்தது. அவனுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

"இது புற்றுநோயா டாக்டர்?"

"பாத்தா அப்படித் தெரியல. எதுக்கும் தொடர்ந்து பாப்போம். ஆனா அங்க போற ரோட்டுலதான் நின்னுட்டிருக்கீங்க. இன்னிக்கே திரும்பணும்."

"விட்டுடறேன்."

"தனியா விடாதீங்க, கஷ்டம். மாடியில சனிக்கிழமை அஞ்சு மணிக்கு உங்க வயசுக்காரங்க கொஞ்ச பேர் உக்காந்து பேசுவாங்க. நான் அந்தப் பக்கமே போறதில்ல. அதனாலதான் நல்லா நடக்குது."

டொக்கு முதலில் கேலி செய்தான். பிறகு செல்போன் வெளிச்சத்தில் தன் வாயைத் தானே அரை மணி நேரம் பார்த்தான். சனிக்கிழமை, "உன் துணைக்குத்தான் வர்றேன்" என்று சொல்லிக்கொண்டு ஷேடுக்கு முன்னாலேயே படியேறினான்.

மாடியில் எட்டு பிளாஸ்டிக் நாற்காலிகளும் ஓடாத ஒரு எடை மெஷினும் இருந்தன. பேச்சை நடத்தியவள் துணித் தொழிற்சாலையில் சட்டைப் பொத்தானுக்குக் காஜா எடுப்பவள். இவர்களைவிட மூன்று வயது மூத்தவள். பதினாலு வயதிலிருந்து புகையிலைப் பசையால் பல் தேய்த்தவள், ஒரு நாளைக்கு ஏழு முறை. விட்டு ஒன்றரை வருடம் ஆகியிருந்தது.

"மொத மூணு நாள் யார்கிட்டயும் முக்கியமான விஷயம் பேசாதீங்க" என்றாள். "நான் மூணாவது நாள் மாமியார்கிட்ட பேசிட்டேன். இன்னும் சமாதானம் ஆகல."

அவள் சொன்ன இன்னொரு விஷயம்தான் உதவியது. ஆசை அலை மாதிரி வரும், பத்து நிமிடத்தில் இறங்கிவிடும், அந்தப் பத்து நிமிடத்துக்கு மட்டும் ஒரு ஆள் வேண்டும். அன்றிலிருந்து, ஷேடு ஸ்ப்ரே அறைக் கண்ணாடியைத் தட்டினால் டொக்கு சுத்தியலை வைத்துவிட்டு வருவான். டொக்கு கூப்பிட்டால் இவன் போவான். அந்தப் பத்து நிமிடத்தில் அவர்கள் பேசியதில் ஒன்றுக்கும் தலையும் இல்லை, வாலும் இல்லை. யானைக்குப் பெயின்ட் அடிக்க எத்தனை லிட்டர் ஆகும் என்று ஒருமுறை சண்டையே போட்டார்கள்.

முதல் வாரம் நரகம். தலை விண்ணென்று தெறித்தது. தூக்கம் இல்லை. தொட்டதற்கெல்லாம் கோபம் வந்தது. இரண்டாம் வாரம் நாக்கு விழித்துக்கொண்டது. "அக்கா, குழம்புல இவ்வளவு உப்பா?" என்று கேட்டான். அக்கா கரண்டியோடு திரும்பினாள். "ஆறு வருஷமா இதே உப்புதான்டா போடறேன்."

பத்தொன்பதாம் நாள் ஒரு வெள்ளைக் காரின் பானெட்டை வாடிக்கையாளர் நிறம் சேரவில்லை என்று திருப்பிவிட்டார். உண்மையில் சேரவில்லைதான். ஷேடு இப்படித் தவறியது அதுவே முதல் தடவை. முதலாளி எல்லார் முன்னாலும், "உனக்கு அந்தப் பேரை எவன்டா வச்சான்?" என்று கேட்டார். டொக்கு அன்று லீவு. பழைய மழைக்கோட்டின் பையில் ஒரு பொட்டலம் கிடப்பது அவன் கைக்குத் தெரிந்திருந்தது. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய்ப் போட்டுக்கொண்டான். முதலில் தலை சுற்றியது, பிறகு அழுகை வந்தது.

அந்தச் சனிக்கிழமை அவன் மாடிக்குப் போகவில்லை. வயிறு சரியில்லை என்று டொக்குவுக்குச் சொல்லி அனுப்பினான். திங்கட்கிழமை டொக்கு நேராக வந்து எதிரில் நின்றான்.

"போட்டியா?"

ஷேடு உப்புத்தாளை நீரில் நனைத்துக்கொண்டிருந்தான்.

"சொல்லுடா. வயித்து வலிக்காரன் மூஞ்சி இப்படி இருக்காது."

"போட்டேன். ஒண்ணுதான்."

டொக்கு கவிழ்த்த டப்பாவின் மேல் உட்கார்ந்தான். "நான் போன வாரம் ரெண்டு தடவை போட்டேன்டா. உன்கிட்ட சொல்ல வெக்கமா இருந்துச்சு. நீ ஒழுங்கா இருக்கேன்னு நெனச்சு எனக்கு உன்மேல கடுப்பு வேற."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஷேடுதான் முதலில் சிரித்தான். ஒருவரை ஒருவர் ஏமாற்றியதில் இரண்டு பேருமே கெட்டிக்காரர்களாக இல்லை என்பது எப்படியோ ஆறுதலாக இருந்தது.

அடுத்த சனிக்கிழமை இருவரும் மாடியில் எல்லாவற்றையும் சொன்னார்கள். திட்டு விழும் என்று எதிர்பார்த்தார்கள். காஜாக்காரி, "நானும் நாலு தடவை விழுந்திருக்கேன். பத்தொன்பது நாள் இருந்தீங்கல்ல, அது எங்கயும் ஓடிப் போகல" என்றாள். "இனிமே போட்டா ஒரு மணி நேரத்துக்குள்ள இன்னொருத்தர்கிட்ட சொல்லிடணும். மறைச்சு வச்சாதான் அது வளரும்."

அன்று வீட்டுக்குப் போனதும் ஷேடு அக்காவிடமும் சொன்னான். அவள் துணி மடிப்பதை நிறுத்தவில்லை. "உன் சட்டைப் பையெல்லாம் யார்டா துவைக்கறா? நீயா சொல்லட்டும்னுதான் இருந்தேன்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "வாய் ரொம்ப வலிக்குதா?" என்று கேட்டபோது மட்டும் குரல் இடறியது.

டொக்கு அதன் பிறகு ஒரு முறை தவறினான். இருபது நிமிடத்தில் ஓடிவந்து சொல்லிவிட்டான். ஷேடு தவறவில்லை. ஐந்தாம் மாதம் டாக்டரம்மா கண்ணாடியைக் கொடுத்தபோது வெள்ளைத் திட்டு இல்லை. வாய் முழுசாகத் திறக்க இன்னும் நாளாகும், பழையபடி ஆகாமலும் போகலாம், தாடைப் பயிற்சியை விடக்கூடாது என்றார். அவன் தலையாட்டினான். காலையில் கண்ணாடி முன் நின்று தாடையை மெல்ல இறக்கி எண்ணுவது அவனுக்கு வழக்கமாகிவிட்டது. பட்டறையில் முகமூடி போட்டால் வேலை முடிந்துதான் கழற்றுவான். நிறம் சேர்க்கக் கஷ்டமான வண்டிகளை முதலாளி மறுபடி அவனிடமே அனுப்பத் தொடங்கினார்.

ஒரு வருடம் ஆனபோது காஜாக்காரிக்குச் சூப்பர்வைசர் வேலை கிடைத்து, சனிக்கிழமை மாலையில் ஓய்வு இல்லாமல் போயிற்று. மாடி அறைச் சாவியை அவள் ஷேடிடம் கொடுத்தாள்.

"எனக்குப் பேசத் தெரியாதுங்க."

"தெரியாதவங்க பேசினாதான் மத்தவங்க வாயைத் தொறப்பாங்க."

முதல் வாரம் ஆறு பேர் வந்தார்கள். அதில் இரண்டு பேர் புதுசு. ஒருவன் பார்சல் பையைத் தோளிலிருந்து இறக்காமலே உட்கார்ந்திருந்தான். டொக்கு ஜன்னலைத் திறந்துவிட்டான். எல்லாரும் ஷேடின் முகத்தையே பார்த்தார்கள். அவன் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னான்: "எனக்கு நேத்து சாயங்காலம் ஆசை வந்துச்சு. எப்படின்னா..."

பார்சல்காரன் பையைக் கீழே வைத்தான்.