தனியே வந்த கட்சிக்காரர்கள்

சின்னப் பிள்ளைகளுக்காகக் கோர்ட் ஏறுகிற வக்கீல்களுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரிந்திருக்கும்: வழக்கைக் கூப்பிடுகிற நேரத்தில் கட்சிக்காரர் தூங்கிக்கொண்டிருப்பார்.

எண்பதுகளின் நடுவில் நான் திண்டிவனத்தில் பிராக்டிஸ் பண்ணிக்கொண்டிருந்தேன். இலங்கையிலிருந்து படகேறி வந்தவர்களுக்கு எங்கள் பக்கத்திலும் முகாம் போட்டார்கள். அவர்களில் அப்பா அம்மா கூட இல்லாமல், பக்கத்து வீட்டுக்காரர் கையைப் பிடித்துக்கொண்டோ அதுவும் இல்லாமலோ வந்து சேர்ந்த பிள்ளைகள் இருந்தார்கள். அந்தப் பிள்ளைகளுக்கான சட்ட வேலைகளை மேற்பார்வை பார்க்கும் பொறுப்பை சட்ட உதவிக் குழு என் தலையில் கட்டியது. மேற்பார்வை என்றதும் பெரிய படையாக நினைத்துக்கொள்ளாதீர்கள். ஜூனியர் ஞானசேகரன், குமாஸ்தா ஏழுமலை, அவ்வளவுதான் படை. ஞானசேகரன் முகையூர். அப்பா அம்மா கூலி வேலை, இவன் அந்தத் தெருவிலேயே முதல் வக்கீல். சித்திரை வெயிலிலும் கருப்புக் கோட்டைக் கழற்ற மாட்டான். ஏழுமலை கோலியனூர்க்காரர். கொஞ்சம் சொந்த நிலத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை போடுவார், அதில் பாதி அவித்து எங்கள் கட்சிக்காரர்களின் வயிற்றுக்குப் போய்விடும்.

தாலுகா ஆபீஸ் பெஞ்சில் ஆயுளில் பாதியைத் தேய்த்த சகபாவிகளே, உங்களுக்குத்தான் இதெல்லாம் புரியும்.

வெளிக்கிட்டு வந்தவன்

விழுப்புரம் ஜங்ஷனில் ஒரு பையனைப் பிடித்து வைத்திருப்பதாகத் தகவல் வந்தது. டிக்கெட் இல்லை, கையில் எந்தக் காகிதமும் இல்லை, இலங்கைப் பையன். வழக்குப் போட்டுவிட்டால் அவ்வளவுதான், முகாமுக்குப் பதிலாக ஜெயில் வாசல். நானும் ஞானசேகரனும் கிடைத்த பஸ்ஸில் தொற்றிக்கொண்டு ஓடினோம். ஸ்டேஷனில் பையன் இல்லை. ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருப்பதாகச் சொன்னார்கள். அடித்துவிட்டார்களோ என்று பதறிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு விரைந்தோம்.

அங்கே போனால் ரூபன் என்ற பதினைந்து வயதுப் பையன் கட்டிலில் உட்கார்ந்து, உப்பும் சர்க்கரையும் கரைத்த தண்ணீரை முகத்தைச் சுளித்துக்கொண்டு குடிக்கிறான். பக்கத்தில் கவலையோடு ஒரு போலீஸ்காரர். "எங்கேருந்துடா வர்றேன்னு கேட்டேம்மா. மன்னாருல வெளிக்கிட்டேங்கறான். மூணு நாளா வெளிக்கிட்டுத்தான் வர்றேங்கறான். புள்ளை சுருண்டு உழுந்துடுவானேன்னு ஜல்தியா தூக்கிக்கினு வந்துட்டேன்" என்றார். நான் ரூபனைப் பார்த்தேன். "இல்லை மிஸ், எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. வெளிக்கிட்டு வாறன் எண்டுதான் சொன்னனான்" என்றான். அவர்கள் ஊரில் வருத்தம் என்றால் நோய், வெளிக்கிடுவது என்றால் கிளம்புவது, வெளிக்குப் போவதல்ல என்பதைப் போலீஸ்காரருக்கு விளக்கினேன். அவர் முகம் சிவந்து, பிறகு அவரே சிரித்துவிட்டார். ஆஸ்பத்திரிக்கு ஓடிய அவசரத்தில் அவர் வழக்கு எதுவும் எழுதியிருக்கவில்லை. சாயங்காலத்துக்குள் ரூபனை முகாமில் பதிவு செய்துவிட்டோம். வழியனுப்பும்போது அந்த மனிதர் அவன் தோளைத் தட்டிச் சொன்னார்: "இனிமே எவனாவது கேட்டா, கெளம்பி வர்றேன்னு சொல்லு ராஜா."

குடும்பத் தலைவி

வதனிக்குப் பத்து வயது. தம்பி தீபனுக்கு ஐந்து நடந்துகொண்டிருந்தது. படகில் ஏறும்போது கரையில் ஏற்பட்ட களேபரத்தில் அம்மா பின்தங்கிவிட்டாள். அப்பா முன்பே இறந்துவிட்டார். அதே படகில் வந்த பாக்கியம் என்ற அம்மாள் இரண்டு பேரையும் மடியில் போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தாள். முகாமில் அரிசி வாங்கக் குடும்ப அட்டை வேண்டும். பாக்கியத்தின் அட்டையில் பிள்ளைகளைச் சேர்த்தால் காகிதத்தில் அவள் பிள்ளைகளாகிவிடுவார்கள். நாளைக்கு அம்மா வந்து நின்றால் அவள் யார் என்று கேட்பார்கள். சேர்க்காவிட்டால் அரிசி இல்லை.

ஞானசேகரன் வருவாய் ஆய்வாளரிடம் பிள்ளைகளுக்குத் தனி அட்டை கேட்டான். "குடும்பம்னா தலைவர்னு ஒருத்தர் வேணும் சார். இங்க யாரு இருக்கறா?" என்றார் அவர். "அந்தப் பொண்ணுதான்" என்றான் இவன். "பத்து வயசுப் பொண்ணைத் தலைவின்னு எழுதினா எனக்கில்ல பேஜாரு!" தலைவருக்கு இத்தனை வயது ஆகியிருக்க வேண்டும் என்று எந்த உத்தரவில் இருக்கிறது, காட்டுங்கள் என்று நான் கேட்டேன். அவரும் நல்ல மனிதர்தான். தாலுகா ஆபீஸுக்குப் போன் போட்டார், அங்கேயும் யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் பேனாவைத் திறந்து 'குடும்பத் தலைவி: வதனி' என்று எழுதினார். அதுவரை ஏழுமலையின் மல்லாட்டையை உரித்துத் தம்பிக்கு ஊட்டிக்கொண்டிருந்த வதனி எழுந்து வந்து மேசை மேல் எட்டிப் பார்த்தாள். "நான்தான் தலைவியெண்டால், தம்பி நான் சொல்லுறதைக் கேக்கோணும் எண்டும் அதில எழுதி விடுங்கோ."

காதைத் தொடுகிற சட்டம்

தீபனைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வயதுக்கு ஆதாரம் வேண்டும். பிறப்புச் சான்றிதழ் கடலுக்கு அந்தப்பக்கம் இருக்கிறது. ஞானசேகரன் அழகாக ஒரு பிரமாணப் பத்திரம் தயாரித்து, நோட்டரி முத்திரை வைத்து எடுத்துப் போனான். தலைமை ஆசிரியர் அதைப் படிக்காமலே ஓரமாக வைத்தார். "அது கெடக்கட்டும் சார். தம்பி, கையைத் தலைக்கு மேல போட்டு அந்தப்பக்கத்துக் காதைத் தொடு."

தீபனுக்குக் குட்டைக் கை. விரலுக்கும் காதுக்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி விழுந்தது. வதனி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இந்த வருடம் சேராவிட்டால் அவள் பள்ளிக்கூடம் போகும் நேரமெல்லாம் அவன் முகாமில் தனியாகத் திரிய வேண்டும். தீபன் ஒரு நிமிடம் யோசித்தான். பிறகு தலையை நன்றாகச் சாய்த்து, காதைக் கையிடம் கொண்டுவந்து தொட்டுவிட்டு, எல்லோரையும் ஜெயித்தவனைப் போலப் பார்த்தான். "தலையைச் சாய்க்கக் கூடாதுன்னு நீங்க சொல்லலையே சார்" என்றான் ஞானசேகரன், முழு கம்பீரத்தோடு. தலைமை ஆசிரியர் அட்மிஷன் ரிஜிஸ்டரைப் பக்கத்தில் இழுத்தார். "வக்கீலுங்களோட சேர்ந்து சுத்திக்கினு இருந்த புள்ளை, வேற எப்படி இருக்கும்?"

யாருமற்ற

ரூபனுக்கு விழுப்புரத்தில் தொழிற்பயிற்சி படிக்க ஆசை. ஹாஸ்டலில் தங்க அனுமதி கேட்டு மனு எழுதினோம். ஞானசேகரனுக்கு உருக்கமான தமிழ் வரும். 'யாருமற்ற அனாதைச் சிறுவன்' என்று ஆரம்பித்திருந்தான். கையெழுத்துப் போடும் முன் ரூபன் அதைப் படித்தான். பேனாவைக் கீழே வைத்துவிட்டான். அனாதை என்ற சொல் இருந்தால் இடம் சீக்கிரம் கிடைக்கும் என்று நான் சொன்னேன். அது உண்மையும்கூட. அவன் அசையவில்லை. அந்த வரியை அடித்துவிட்டு வேறு மனு எழுதினோம். கூடுதலாகக் கொஞ்சம் அலைந்தோம், இடமும் கிடைத்தது. அதன் பிறகு எங்கள் மனு எதிலும் நான் அந்தச் சொல்லை அனுமதிக்கவில்லை. அன்றைக்கு அவன் குரலை உயர்த்தாமல் சொன்னது: "எனக்கு ஆக்கள் இருக்கினம் மிஸ். இங்க இல்லை, அவ்வளவுதான்."

காணும்

எனக்குத் தூக்கம் போன வழக்கு இதுதான். வதனியையும் தீபனையும் அரசு இல்லங்களில் சேர்க்க வேண்டும் என்று ஒரு அதிகாரி கோர்ட்டுக்கு அறிக்கை கொடுத்தார். அவர் மேல் தப்பில்லை, விதி அப்படி. ஆனால் பெண்பிள்ளைகளுக்கு ஒரு ஊரில் இல்லம், ஆண்பிள்ளைகளுக்கு வேறொரு ஊரில். அம்மாவைக் கரையில் விட்டு வந்த பிள்ளைகளை நாம் இங்கே ஒருவரிடமிருந்து ஒருவரையும் பிரிக்கப் போகிறோம். பாக்கியத்திடமே இருக்கட்டும் என்று நாங்கள் எதிர்மனு போட்டோம். பாக்கியம் அவர்களை ஒழுங்காகப் பார்த்துக்கொள்கிறாளா என்பதுதான் கேள்வி.

தீபன் வழக்கம்போல ஏழுமலையின் மடியில் தூங்கிக்கொண்டிருந்தான். நீதிபதி வதனியைக் கிட்டே கூப்பிட்டு, தன்மையாகத்தான் கேட்டார். "அந்தம்மா வீட்ல சாப்பாடெல்லாம் எப்படிம்மா?" வதனி தலையை ஆட்டினாள். "காணும் ஐயா." நீதிபதியின் பேனா நின்றது. "காணோமா? தம்பிக்கு?" "அவனுக்கும் காணும் ஐயா." அதிகாரி என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். ஞானசேகரனுக்கு வேர்த்து ஊற்றியது. பின்பெஞ்சில் பாக்கியம், நடப்பது புரியாமல் சிரித்துக்கொண்டிருந்தாள். நான் எழுந்து, அவர்கள் ஊரில் காணும் என்றால் போதும் என்று அர்த்தம் என்றேன். "சாட்சி சொல்றதுக்கு நீங்க அர்த்தம் சொல்லக் கூடாதும்மா" என்றார் நீதிபதி. சரிதானே? நான் அவர் இடத்தில் இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

மேசையில் இருந்த கூஜா கண்ணில் பட்டது. "அப்படின்னா நான் ஒண்ணும் சொல்லலை ஐயா. அந்தப் பிள்ளைக்கு ஒரு டம்ளர் தண்ணி ஊத்தச் சொல்லுங்க, அது போதும்" என்றேன். நீதிபதி கொஞ்சம் யோசித்து, கோர்ட் சேவகரான டவாலியைப் பார்த்துத் தலையசைத்தார். டவாலி ஊற்றினார். முக்கால் டம்ளர் ஆனதும் வதனி கையை மறித்து "காணும்" என்றாள். டவாலி எதைக் காணோம் என்று சுற்றிலும் பார்த்துக்கொண்டே ஊற்றினார். "காணும், காணும்!" என்று வதனி கத்தினாள். தண்ணீர் டம்ளரைத் தாண்டி, மேசையைத் தாண்டி, வழக்குக் கட்டுகளின் பக்கம் ஓட ஆரம்பித்தது. கட்டுகளை வாரி எடுத்துக்கொண்டு எழுந்து நின்ற நீதிபதி போட்ட சத்தத்தில் தீபனே விழித்துக்கொண்டான்: "யோவ், காணும்னு அந்தப் புள்ளை சொல்லுதில்ல, நிறுத்துய்யா!"

அம்மா இறங்கிய ரயில்

இரண்டு பேரும் பாக்கியத்திடமே இருந்தார்கள். முகாமுக்குப் புதிதாக ஆட்கள் வரும்போதெல்லாம் வதனி ஒவ்வொரு மூட்டையின் பக்கத்திலும் போய் நின்று அம்மா பெயரைச் சொல்லிக் கேட்பாள். இல்லை என்பார்கள். அடுத்த மூட்டைக்குப் போவாள். வருடம் ஒன்றுக்கு மேல் ஓடியது. நானே நம்பிக்கையை விட்டிருந்த ஒரு நாள், ஒரு கிழவர் நிமிர்ந்து, "அவவோ? மண்டபம் முகாமில நிக்கிறா. அவவும் உங்களைத்தான் தேடுறா" என்றார். முகாம் விட்டு முகாம் மாற அனுமதி வேண்டும். நான் மனு போட்டேன். போனில் தொண்டை கிழியக் கத்தினேன். அனுமதி வந்ததும் ஞானசேகரனே ராமேஸ்வரம் பக்கம் கிளம்பிவிட்டான்.

விழுப்புரம் ஜங்ஷனில் காலை வண்டி வந்து நின்றது. முதலில் கருப்புக் கோட்டு இறங்கியது. பின்னால் ஒல்லியாக ஒரு பெண். வதனி ஓடிப்போய் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். தீபன் ஏழுமலையின் வேட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான். அந்தப் பெண் பிளாட்பாரத்திலேயே முழங்காலிட்டு, "தம்பி, அம்மாவைத் தெரியேல்லையோடா?" என்றாள். அவன் மெதுவாக வெளியே வந்தான். வருடத்துக்கு மேலாகத் திண்டிவனத்துப் பிள்ளைகளோடு விளையாடிப் பழகிய வாய். "இன்னாம்மா, இவ்ளோ நாளா எங்க சுத்திக்கினு இருந்தே?" என்று அதட்டினான். அவளுக்கு விளங்கவில்லை. பயந்துபோய் மகளைப் பார்த்து, "இவன் என்னடி சொல்லுறான்?" என்றாள். குடும்பத்தை அதுவரை கொண்டுவந்து சேர்த்த வதனி கண்ணைத் துடைத்துக்கொண்டு பதில் சொன்னாள்: "கோவமா நிக்கிறானம்மா. தூக்குங்கோ, சரிவரும்."

எந்தச் சட்டத்தில் உங்களுக்கு அனுபவம் அதிகம் என்று இப்போது யாராவது கேட்டால், சட்டமெல்லாம் சும்மா, நான் பார்த்த வேலை தமிழிலிருந்து தமிழுக்கு மொழிபெயர்ப்புதான் என்று சொல்லிவிடுகிறேன்.