பெயர் தேய்ந்த பதக்கமும் எங்கள் அப்பாவும்

எங்கள் அப்பா மறைந்து ஓராண்டு நிறைவுறும் இந்நாளில், அவருடைய கடைசி ஏலத்தைப் பற்றி உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் எழுதி வைக்க விரும்புகிறேன். அன்று அவருடன் கோவைக்குச் சென்றவர்கள் அம்மாவும், மூத்த மகளான நானும் மட்டுமே. நீங்கள் அதைப் பலவிதமாகக் கேட்டிருப்பீர்கள்.

அப்பா பிறந்தது நல்லேப்பிள்ளியில். சிறு வயதிலேயே தாத்தா காலமானதால் படிப்பை நிறுத்தி நெல் வயலில் இறங்கினார். தங்கைகள் இருவரையும் நல்ல இடத்தில் கட்டிக்கொடுத்தார். தண்ணீர் வராத வருடங்களிலும் வீட்டுக்கு வந்தவர்களிடம் அவர் முகம் கோணியதில்லை.

அவருக்கு இருந்த ஒரே ஆசை பழைய ராணுவப் பதக்கங்கள். மூணாறில் ஒரு தோட்ட பங்களாவின் சாமான்களை ஏலம் விட்டபோது பம்புசெட் வாங்கப் போனவர், நான்கு பதக்கங்கள் வரிசையாகத் தைத்த ஒரு துணிப்பட்டையுடன் திரும்பினார். அன்று தொடங்கியது.

"ஊரான் ஊட்டுப் பதக்கத்த வாங்கி அடுக்கறதுக்கு ரெண்டு எருமை வாங்கியிருக்கலாம்" என்று சித்தப்பா இன்றும் சொல்வார்.

பதக்கத்தின் விளிம்பில் வீரரின் எண்ணும் பெயரும் பொறித்திருக்கும். அதைக் கொண்டு அப்பா அவருடைய குடும்பத்தைத் தேடுவார். கிடைத்தால் கொடுத்துவிடுவார். கிடைக்காதவை மட்டுமே எங்கள் கண்ணாடிப் பெட்டியில் தங்கின. ஒருவருடைய பதக்கங்களைப் பிரிக்கக் கூடாது, எதையும் தேய்த்து விளக்கக் கூடாது என்பதில் கறாராக இருந்தார். விளக்கினால் எழுத்து தேயும். ஆயுத பூஜை வந்தால், அம்மா புளியும் கையுமாக அந்தப் பக்கம் வராதபடி பெட்டிக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வார்.

மறையூருக்கு வெல்லம் வாங்கப் போகும்போது அவருக்குப் பழக்கமானவர் காந்தலூர் செல்வராணி அக்கா. பூண்டு பயிரிடுபவர். அவர் தாயின் வயிற்றில் இருந்தபோதே தகப்பனார் எல்லைப் போரில் இறந்துவிட்டார். வீட்டில் ஒரு புகைப்படம்கூட இல்லை. அரசு அனுப்பிய பதக்கத்தைத்தான் ஆயுத பூஜைதோறும் புளி போட்டு விளக்கிச் சந்தனம் வைப்பார்கள். ஒருமுறை விளக்கிய பதக்கம் பழைய பித்தளைச் செம்புக்குள் கிடந்தது தெரியாமல், செம்பைப் பாத்திரக்காரரிடம் போட்டுப் புதிது வாங்கிவிட்டார்கள். அப்பா அதைப் பல ஆண்டுகள் தேடினார்.

கோவை ஏலப் பட்டியலில், பாதி தேய்ந்த பெயருடன் ஒரு பதக்கம் வந்தது. எண்ணின் முற்பகுதி அக்காவின் தகப்பனாருடைய ராணுவ எண்ணோடு பொருந்தியது. பொருள் கைக்கு வரும் முன் எந்தக் குடும்பத்துக்கும் அப்பா சொன்னதில்லை. ஆனால் அப்போதே அவருக்கு இதயம் பலவீனப்பட்டு மூச்சு வாங்கியது. "எனக்கு இனி எத்தன ஏலம்?" என்றவர், காந்தலூருக்குப் போன் செய்து, "கொண்டாந்து குடுத்தர்றேம்மா" என்று சொல்லிவிட்டார். சொன்ன பிறகு அவரால் சரியாகச் சாப்பிட முடியவில்லை.

ஏலத்துக்கு முன் பொருள்களைப் பார்வையிடும் மேசையில், பதக்கங்களைப் பிரித்து விற்கும் சென்னை வியாபாரி ஒருவர் இருந்தார். அப்பா எதை விரும்புகிறாரோ அதற்குப் போட்டி போடுவது அவர் வழக்கம். அதனால் அப்பா வேறு எதையெதையோ புரட்டிவிட்டுக் கடைசியில்தான் அதை எடுத்தார்.

"பாலிஷ் போட்டுக் கெடுத்துட்டாங்க சார். செத்த பீஸ்" என்றார் வியாபாரி.

"ஆமாங்க" என்றார் அப்பா.

பதக்கத்தின் வளைய இடுக்கில் சந்தனம் காய்ந்து இறுகியிருந்தது. அப்பா அதை அம்மாவிடம் நீட்டினார். சந்தனத்தைக் கண்டதும் அம்மா பதக்கத்தை இரு கண்களிலும் ஒற்றிக்கொண்டார். வியாபாரி மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டு எங்களைப் பார்த்தார்.

ஏலத்தில் அப்பாவும் அவரும் மட்டுமே மிஞ்சினார்கள். அப்பாவின் நெற்றி வியர்த்தது. எண் அட்டையை மறுபடியும் உயர்த்தினார்.

"போதுங்கப்பா" என்றேன்.

"சும்மா இரு அம்மிணி."

அடுத்த முறை உயர்த்துவதற்குள் மூச்சடைத்து அட்டை நழுவியது. நான் குனிந்து எடுப்பதற்குள் சுத்தியல் தட்டிவிட்டார்கள். பதக்கம் வியாபாரிக்குப் போனது.

அப்பாவை வெளியே காற்றாட உட்கார வைத்தோம். "ஏனுங்க, நான் கண்ணுல ஒத்தாம இருந்திருந்தா..." என்று அம்மா அழுதார்.

"சந்தனத்தப் பாத்தா நீ வேற என்னத்தப் பண்ணுவ? போய் காப்பி வாங்கிட்டு வா" என்றார் அப்பா.

வியாபாரி அங்கேயே வந்தார். "சொல்லுங்க சார், நான் என்ன வாங்கியிருக்கேன்?"

"பேரு தேஞ்ச பதக்கமுங்க. உங்களுக்கு ஒண்ணுக்கும் ஆகாது. காந்தலூர்ல ஒரு புள்ளைக்கு அதுதான் அப்பன்."

அவர் பதக்கத்தைத் திருப்பி விளிம்பைப் பார்த்தார். "நான் வியாபாரி சார். சும்மா குடுத்துப் பழக்கமில்ல."

"சும்மா வேண்டாங்க. மூணாத்துப் பட்டை ஊட்டுல இருக்குது, தர்றேன்."

"அந்தப் பட்டையப் பத்திக் கேட்டிருக்கேன். நாலு எதுக்கு? அதுல வெள்ளி ஒண்ணுதான் விலை போகும். அது போதும்."

"நாலையும் எடுத்துக்குங்க. பிரிக்காதீங்க."

செல்வராணி அக்கா உடுமலை வழியாகப் பஸ் பிடித்து வந்து சேர்ந்தபோது அப்பா படுக்கையில் இருந்தார். பதக்கத்தைத் தம் கையாலேயே கொடுத்தார். அக்கா வெகுநேரம் அதை உள்ளங்கையில் மூடி வைத்திருந்தார். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார்: "அய்யா, பூசைக்கு இத வெளக்கலாமா? கூடாதும்பீகளே."

நாங்கள் எல்லோரும் அப்பாவைப் பார்த்தோம். "மிச்ச எழுத்தும் போயிருமே" என்றார். மூச்சு வாங்கி நிதானித்தார். "போனாப் போகுது. உங்கப்பன் பேரு உனக்குத் தெரியுமில்ல? நல்லாப் புளி போட்டு வெளக்கும்மா."

அந்த வாரமே அப்பா எங்களை விட்டுப் பிரிந்தார்.

அவரைக் கவனித்த மருத்துவருக்கும் செவிலியர்களுக்கும், இறுதிக் காரியங்களில் தோள் கொடுத்த ஊராருக்கும், எருமைக் கணக்கு பேசிக்கொண்டே இரவும் பகலும் உடனிருந்த சித்தப்பாவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. நான்கு பதக்கங்களையும் அதே பட்டையோடு ஒருவருக்கே விற்றதாகத் தெரிவித்த சென்னை வியாபாரிக்கும் நன்றி.

கண்ணாடிப் பெட்டி கூடத்தில் இருக்கிறது. வருபவர்கள் திறந்து பார்க்கலாம், விளிம்பில் உள்ள பெயர்களை வாசிக்கலாம். உங்களுக்குத் தெரிந்த பெயர் இருந்தால் சொல்லுங்கள். விளக்க மட்டும் வேண்டாம். அம்மாவும் ஒப்புக்கொண்டிருக்கிறார்.