வாசல் இல்லாத முன்சுவர்

மதிப்புக்குரிய ஐயா, அம்மணி,

யாழ்ப்பாணத்திலிருந்து புகைவண்டியில் வந்திறங்கி, வெள்ளவத்தையில் எழும் எனது சொந்த வீட்டின் முன் மனைவியுடன் நிற்கின்றேன். பத்து மணிக்கு வாசல் நிலை வைக்கும் முகூர்த்தம். இருபுறமும் வெள்ளை நுரைப் பலகைகளை அடுக்கி, நடுவே கம்பி கட்டிக் கொங்கிறீற்று ஊற்றும் முறையை, வெக்கை உள்ளே இறங்காதென்று நானே படித்துத் தெரிந்தெடுத்தேன். நேற்று ஊற்றி முடித்திருக்கின்றார்கள். முன்சுவரில் இரண்டு யன்னல்கள் இருக்கின்றன, வாசல் இல்லை.

"தம்பி, வாசல் எங்கே?"

வீட்டைக் கட்டும் கொட்டாஞ்சேனை மேசன் வெற்றிலையைத் துப்புகின்றார்.

"ஊத்த முதல் வாசலுக்கு இடம் விட்டுப் பலகைப் பெட்டி அடிக்கோணும் எண்டு போனிலை சொன்னனான் ஐயா. முகூர்த்தத்துக்கு முன்னம் வாசலிலை கை வைக்காதை எண்டு ஏசினீங்கள். நான் கை வைக்கேல்லை."

"இப்போது என்ன செய்வது?"

"யன்னலாலை ஏறிப் போங்கோ, நேரமும் தப்பாது."

வேலையாட்கள் சிரிக்கின்றார்கள். நான் ஏசியது உண்மை. செங்கல்லென்றால் இடைவெளி விட்டுக் காத்திருக்கலாம். ஒரே நாளில் ஊற்றும் சுவரில் அது முடியாதென்று விளங்காமல் ஏசினேன்.

பத்து மணிக்கு வெட்டும் இயந்திரம் சுவரில் இறங்குகின்றது. உள்ளே கட்டிய கம்பிகள் ஒவ்வொன்றாய் அறுகின்றன. மேற்சுவர் தாங்குமா என்று கேட்கின்றேன். மேசன் இரண்டு மரத் தடிகளை எடுத்து மேலே முட்டுக் கொடுக்கின்றார். மனைவி முகூர்த்தத்துக்குக் கொண்டுவந்த தேங்காயை உடைக்காமலே பைக்குள் வைக்கின்றார்.

நாளை இவ்வீட்டில் குடியிருக்க வரும் தாங்கள், வாசலுக்கு மேலே கம்பி அறுந்த சுவர் இருப்பதை மறவாதிருக்க, இக்குறிப்பை எறியாது வைத்திருக்குமாறு கேட்டுக்கொள்கின்றேன்.