வறட்சியில் அப்பா அறுத்த கொடி

எங்கள் அப்பா இறைவனிடம் சென்று ஓராண்டு ஆகிவிட்டது. இந்த நினைவு மலரைப் பெறும் உறவினர்களும் லயத்து மக்களுமாகிய நீங்கள் அவரை மாட்டுக்காரராகத்தான் அறிவீர்கள். ஆகவே மாட்டையும் புல்லையும் வைத்தே அவரைப் பற்றி எழுதுகிறேன்.

அப்பா பன்விலவில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒன்றில், பிறந்தார். பள்ளிக்கூடம் போகவில்லை. சிறு வயதிலேயே துரை பங்களாவின் மாட்டுப்பட்டியில் சாணம் அள்ளப் போனார். பட்டியை மூடியபோது பங்களாவில் அவருக்கு ஒரு கிடாரிக் கன்றைக் கொடுத்தார்கள். அதன் வழியில் வந்ததுதான் இன்று எங்கள் வீட்டில் நிற்கும் பசு. அம்மா கொழுந்து பறித்த சம்பளம் வீட்டுக்கு, பால் என் படிப்புக்கு. எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடத்தை முடித்தவள் நான். விவசாயம் படிக்கப் பல்கலைக்கழகம் போனவளும் நான். இதை எழுத எனக்குக் கூச்சமில்லை. கண்டிக்குப் போகும் பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவரிடமெல்லாம் அப்பா சொன்னதைத்தான் நானும் சொல்கிறேன்.

லயத்துக்குக் கீழே, தேயிலை பிடுங்கிய ஒரு துண்டு நிலத்தில் அப்பா புல் போட்டிருந்தார். புல்லோடு சேர்த்து வளர்க்க ஒரு தீனிக்கொடியின் விதையை நான் கொண்டுவந்து கொடுத்தேன். பயற்றைப் போல அதுவும் அவரைக் குடும்பத்துச் செடி. கொடி படர்ந்த பிறகு, சிறு சிறு மணிகள் ஒட்டியிருந்த ஒரு வேரைத் தோண்டிக் காட்டினேன்.

"இது என்னா புள்ள, வேருக்குப் பேன் புடிச்சிருக்கு?"

"பேன் இல்லப்பா. இந்த மணிக்குள்ள இருக்கிற கிருமி காத்துல இருந்து உரம் எடுத்துக் குடுக்குது. பக்கத்துப் புல்லுக்கும் அது சேரும். உள்ள செவப்பா இருந்தா வேலை நடக்குதுன்னு அர்த்தம்."

அப்பா ஒரு மணியை நகத்தால் கீறிப் பார்த்தார். "கிருமி கூட சம்பளம் இல்லாம வேலை செய்யுது. இந்தத் தோட்டத்துல காலையில பெரட்டுக்குப் போய்ப் பேர் குடுக்காம வேலை செய்யுறது இது ஒண்ணுதான்" என்றார். அந்தத் துண்டுக்கு அதன் பிறகு அவர் உரம் வாங்கவில்லை.

பிறகு மழை பொய்த்தது. லயத்தார் தண்ணீர் பிடிக்கும் பீலியில் நூலாகத்தான் வடிந்தது. விடுமுறைக்கு வந்த நான் துண்டில் தோண்டிப் பார்த்தேன். கொடியின் இலை இன்னும் பச்சைதான். ஆனால் மணிகள் சுருங்கி, உள்ளே சிவப்புப் போய்ப் பழுப்பாகியிருந்தன.

"எலை நல்லாத்தானே இருக்கு?" என்றார் அப்பா.

"எலை கடைசியாத்தான் வாடும். கீழ வேலை முன்னமே நின்னுருச்சு. இப்ப அறுக்காதீங்கப்பா. இருக்கிற எலைதான் வேருக்குச் சோறு. அதையும் எடுத்தா மிச்ச மணியும் விழுந்துரும். மழை வந்தாலும் எல்லாம் மொதல்ல இருந்துதான்."

அப்பா கத்தியைச் செருகிவிட்டார். எங்கள் பசு வாழைத்தண்டையும் பலா இலையையும் தின்றது.

அந்த வாரமே பக்கத்துக் காம்பரா வீட்டில் தனியாக இருக்கும் செல்லம்மா அக்காவின் பசு கன்று போட்டது. எங்கள் லயத்தில் ஒரு வழக்கம் உண்டு. மாடு கன்று போட்ட வீட்டுக்கு ஒவ்வொரு வீடும் ஒரு கட்டுப் புல் கொடுக்கும். அந்த வீடு எல்லாருக்கும் சீம்பால் கொடுக்கும். அன்று வீடு வீடாக வந்ததோ ஒரு கைப்பிடிச் சருகுதான். கன்றுக்குப் பால் இறங்கவில்லை. அப்பா கத்தியை எடுத்தார். நான் துண்டின் வாசலில் நின்றேன்.

"சொன்னேனேப்பா. இது லேசுல திரும்ப வராது."

"வெளங்குது புள்ள. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும். அந்தக் கன்னு மழை வரைக்கும் நிக்குமா, அதச் சொல்லு."

நான் விலகி வழிவிட்டேன். அப்பா கொடி முழுவதையும் அறுத்தார்.

கன்று பிழைத்தது. நான் சொன்னதும் நடந்தது. மழை வந்தபோது கொடி அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் துளிர்த்தது. புல் வெளிறி மஞ்சளாக நின்றது. எங்கள் பசுவின் பால் பாதியாகியது. "மாட்டை வித்துருவோங்க, என்னால ரோட்டோரமா அலைஞ்சு புல்லறுக்க ஏலாது" என்றார் அம்மா. கெலிஓயாவில் இருக்கும் மாமா யூரியா போடச் சொன்னார். போட்டால் புல் பச்சையாகும், கொடியோ மணி வைப்பதை விட்டுவிடும் என்று நான் தடுத்தேன். அப்பா என் பக்கம் நின்றார். "கொடி வரட்டும். அது வரைக்கும் மாடு நிக்கட்டும்" என்றார். அதற்குள் அவருக்கு வெகுநாளாக இருந்த மூச்சிரைப்பு முற்றிவிட்டது.

கண்டியில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அவர் கேட்டதெல்லாம் மணியைப் பற்றித்தான். ஒரு ஞாயிறு ஒரு வேரை ஈரப் பேப்பரில் சுற்றிக் கொண்டுபோனேன். அம்மா கட்டிலின் கைப்பிடியைத் திருப்பித் தலைப்பக்கத்தை உயர்த்தினார்.

"வெள்ளையாத்தானே இருக்கு" என்றார் அப்பா.

"இப்பதான் வந்திருக்குப்பா. இன்னும் வேலை தொடங்கல."

சிவந்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். படித்ததை நான் அப்பாவிடம் மாற்றிச் சொன்னதில்லை. அவர் அந்த வேரை நர்ஸ் மிஸ்ஸிடம் காட்டி, "எங்க மக படிச்சது இதுதான்" என்றார். அந்த வாரம் அவர் கண்மூடினார்.

வார்டில் மாறி மாறி இருந்தவர்களுக்கும், சவப்பெட்டியைப் படியேற்றித் தூக்கி வந்த இளைஞர்களுக்கும், வீட்டில் செபம் சொல்லிய உபதேசியாருக்கும், அடுப்பு மூட்டாத நாட்களில் சோறு கொண்டுவந்த வீடுகளுக்கும் அம்மாவின் பெயராலும் என் பெயராலும் நன்றி சொல்கிறேன். நாங்கள் களைத்துவிட்டோம், ஒவ்வொருவரையும் தனித்தனியாக வந்து பார்க்க முடியவில்லை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

பசுவை விற்கவில்லை. கொடி மெல்ல மெல்ல மீண்டும் படர்ந்து, இப்போதுதான் துண்டு முழுவதும் மணிகள் சிவக்கத் தொடங்கியுள்ளன. ஆகவே ஒன்று கேட்டுக்கொள்கிறோம். அடுத்த மழை முடியும்வரை எங்கள் துண்டில் யாரும் கத்தி வைக்க வேண்டாம். எந்த வீட்டில் மாடு கன்று போட்டாலும் எங்களுக்குச் சொல்லியனுப்புங்கள். அம்மாவும் நானும் எங்கேயாவது அறுத்து ஒரு கட்டுக் கொண்டுவருவோம்.