நெற்றியில் மூன்று நட்சத்திரம்

போன வெள்ளிக்கிழமை கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு வக்கீல் ஆபீசுக்கு என் வீட்டுக்காரருடன் சாட்சியாகப் போனேன். திரும்பி வரும்போது... நான் குற்றவாளி!

சிரிக்காதீர்கள். முழுசாகக் கேளுங்கள்.

மூன்று வாரத்துக்கு முன்னால் நாங்கள் இருவரும் திருச்சியிலிருந்து விமானத்தில் வந்தோம். ஊருக்குக் கிளம்பும்போதே மனுஷன் கறாராகச் சொல்லியிருந்தார். "இந்தத் தடவை பாத்திரம் கீத்திரம்னு ஒன்னு வாங்கினாலும் நான் உன்கூட பிளைட் ஏறமாட்டேன்." நான் தலையாட்டினேன். தலையாட்டிவிட்டு ஒரு பித்தளை முறுக்கு அச்சு வாங்கினேன். நல்ல கனம். அடியில் மூன்று நட்சத்திர ஓட்டை. ஒரே அழுத்தில் மூன்று முறுக்கு! எங்கள் ஊர் கிள்ளான் முழுக்கத் தேடியும் அப்படி ஒன்று கிடைக்கவில்லை. நான் என்ன செய்வது?

கைப்பெட்டிக்கு ஏழு கிலோதான் என்பது உங்களுக்குத் தெரியும். அதை எப்படித் தாண்டுவது என்பதும் தெரியும்... திருச்சி ஏர்போர்ட்டில் எனக்கு முன்னால் எடை போட்டு முடித்த ஒரு ஜொகூர் அக்காவிடம், "அக்கா, இதைக் கொஞ்சம் பிடிச்சுக்குங்க" என்று அச்சு இருந்த துணிப்பையைக் கொடுத்தேன். என் பெட்டியை எடை போட்டதும் வாங்கிக்கொண்டேன். முன்பின் தெரியாத அக்கா – ஒரு வார்த்தை கேட்கவில்லை. செக்யூரிட்டியில் நின்ற அம்மா மட்டும் அச்சை வெளியே எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எந்தக் கடையில வாங்கினீங்க?" என்று கேட்டுவிட்டு அனுப்பிவிட்டார்.

இவ்வளவு நேரமும் வீட்டுக்காரர் காபி குடிக்கப் போயிருந்தார். விமானத்தில் அவர் டாய்லெட் போன நேரம் பார்த்து, பையை மேலே இருந்த லாக்கரில் செருகினேன். வேலை சுத்தம்.

கோலாலம்பூரில் இறங்கியது. விமானம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது, அதற்குள் பாதிப்பேர் எழுந்துவிட்டார்கள். என்னவோ கதவைத் திறந்து குதித்துவிடப் போகிற மாதிரி! என் வீட்டுக்காரர் மட்டும் சும்மா இருப்பாரா? எழுந்தார். லாக்கரைத் திறந்தார்.

டொம்!

பையிலிருந்து தலையை நீட்டிக்கொண்டு வந்த அச்சு நேராக நெற்றியில் இறங்கியது. அவர் கண்ணை மூடிக்கொண்டு "அம்மா!" என்று அலறினார். நான் என்ன செய்திருக்க வேண்டும்? "ஐயோ, என்னங்க!" என்று பதறியிருக்க வேண்டும். பதறினேன்... அச்சை என் ஹேண்ட்பேக்கில் திணித்த பிறகு.

பணிப்பெண் ஐஸ் கொண்டுவந்தார். என்ன விழுந்தது என்று கேட்டு எழுதிக்கொண்டார். "யாரோட சாமானோ" என்றார் வீட்டுக்காரர். நான் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தேன்.

இதோடு முடிந்திருக்கும். ஆனால் அடுத்த ஞாயிறு கிள்ளானில் இவருடைய தங்கை மகள் கல்யாணம். தாய்மாமன் மேடை ஏறாமல் முடியுமா? விபூதியை அள்ளிப் பூசியும் வீக்கம் மறையவில்லை. வந்தவர்கள் எல்லாரும் ஒரே கேள்விதான்: "என்ன அண்ணே, அண்ணி அடிச்சிட்டாங்களா?" விமானத்தில் பட்டது என்றால் ஒருத்தர்கூட நம்பவில்லை. "ஆமா ஆமா, பிளைட்டுதான்" என்று கண்ணடித்துவிட்டு சாப்பிடப் போனார்கள்.

மனுஷன் நொறுங்கிப் போனார். "எனக்குக் காசு வேணாம் லா. இது விமான விபத்துதான், பொண்டாட்டி அடிக்கலைன்னு விமானக் கம்பெனி ஒரு லெட்டர் கொடுத்தா போதும். பிரேம் போட்டு ஹால்ல மாட்டுறேன்" என்றார். பாவமாகத்தான் இருந்தது. அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அந்த லெட்டருக்காகத்தான் வக்கீலிடம் போனோம். வக்கீல் சின்னப் பெண். பொறுமையாகப் புரியவைத்தார்.

"விமானத்துக்குள்ள விபத்து நடந்து உடம்புல அடிபட்டா கம்பெனிதான் பொறுப்பு அங்கிள். அவங்க தப்புன்னு நாம நிரூபிக்கணும்னுகூட இல்ல."

"மனசுல பட்ட அடிக்கு?"

"அதுக்கு மட்டும் தனியா கேட்க முடியாது. சீட்பெல்ட் லைட் அணைஞ்ச பிறகுதானே எழுந்தீங்க?"

"எல்லாரும் எழுந்தாங்க... நானும் எழுந்தேன்."

வக்கீல் பெருமூச்சு விட்டார். "நம்ம பக்கம் கவனக்குறைவு இருந்தா அந்த அளவுக்குக் குறைச்சிடுவாங்க. சரி, ஆன்டி கூடவே இருந்தாங்கல்ல? என்ன விழுந்துச்சுன்னு சத்தியம் பண்ணி ஒரு கையெழுத்துப் போடணும்."

பொய்ச் சத்தியமா? வீட்டுக்காரரிடம் சொல்கிற பொய் வேறு, ஸ்டாம்ப் குத்திய பேப்பரில் சொல்கிற பொய் வேறு அல்லவா?

விமானம் இறங்கிய அன்றைக்கு எடுத்த போட்டோவை இவர் போனில் காட்டினார். வக்கீல் இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். சிவந்த வீக்கத்தின் நடுவே... மூன்று குட்டி நட்சத்திரம்.

இந்த இடத்தில்தான் என் வீட்டுக்காரர் தன் கேஸைத் தானே முடித்தார். வெறுங்கையோடு போகக்கூடாதே என்று வீட்டிலிருந்து ஒரு டப்பா கொண்டுவந்திருந்தார். "எடுத்துக்கம்மா, ஆன்டி சுட்ட முறுக்கு." அச்சு எங்கிருந்து வந்தது என்று அவர் கேட்டதே இல்லை, சாப்பிடுகிறவர்கள் அதையெல்லாம் எங்கே கேட்கிறார்கள்?

வக்கீல் ஒரு முறுக்கை எடுத்து முனையைப் பார்த்தார். போனைப் பார்த்தார். மறுபடி முறுக்கு. கடைசியில் என்னைப் பார்த்தார்.

"ஆன்டி... எங்கம்மாகிட்டயும் இதே அச்சு இருக்கு."

எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். ஜொகூர் அக்கா வரைக்கும்.

வீட்டுக்காரர் முறுக்கு டப்பாவை மூடினார். "அப்ப லெட்டர்?" என்றார்.

"கேட்டா பதில் வரும் அங்கிள். ஆனா அதுல, 'மனைவி மறைத்துக் கொண்டுவந்த பித்தளைப் பொருள் தலையில் பட்டதால்'னு இருக்கும். ஹால்ல மாட்டுவீங்களா?" அடக்க முடியாமல் சிரித்தார் அந்தப் பெண். "கல்யாணத்துல கேட்டவங்க கிட்டத்தட்ட சரியாத்தான் கேட்டிருக்காங்க. எதுக்கும் யோசிங்க. கேஸ் போட இறங்கின நாள்ல இருந்து ரெண்டு வருஷம் டைம் இருக்கு."

வீட்டுக்குத் திரும்பும் வழியில் ஃபெடரல் ஹைவேயில் ஜாம். சுபாங் வரைக்கும் கார் நத்தை மாதிரி ஊர்ந்தது. எனக்கு அவமானத்தில் அழுகை முட்டியது. திடீரென்று இவர், "முறுக்கு டப்பாவ அங்கேயே விட்டுட்டு வந்துட்டோம்ல?" என்றார். நான் அழுதுகொண்டே சிரித்தேன். அவரும் சிரித்தார். அப்பாடா என்று மூச்சு விட்டேன்.

கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டேன். அன்றிலிருந்து நான் குரலை உயர்த்தினால் போதும், மனுஷன் நெற்றியைத் தடவிக்கொண்டு, "ரெண்டு வருஷம் இருக்கு, ஞாபகம் இருக்குல்ல?" என்கிறார். ரிமோட் அவர் கையில். காலையில் டீ அவர் நாற்காலிக்கே போகிறது.

அந்த ரெண்டு வருஷம் எப்போது முடியும் என்று எண்ணுவதற்காக, விமானம் இறங்கிய தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன் – எங்கள் கல்யாண நாளுக்குக்கூட நான் வட்டம் போட்டதில்லை!