காலிக் கட்டத்தில் ஒரு புள்ளி

போத்தனூரில் எங்கள் வீட்டில் அப்போது போன் கிடையாது. பக்கத்து வீட்டுக்குத்தான் அழைப்பு வரும். அந்த ஞாயிற்றுக்கிழமை காலை மகளுக்குக் கூழ் ஊட்டிக்கொண்டிருந்தவள், கையைக்கூடக் கழுவாமல் ஓடினேன். பேசியவர் பல்லடம் பக்கத்தில், எங்கள் ஆபீசிலிருந்து கம்ப்யூட்டர் கணக்கு அமைத்துக்கொடுத்த ஒரு கோழிக்குஞ்சு பொரிப்பகத்தின் கணக்கர்.

"ஏனுங்க அம்மணி, கம்ப்யூட்டருல முட்டையே இல்லீங்க."

எனக்குச் சிரிப்புதான் வந்தது. "மெஷின்ல இருக்குதுங்களா?"

"மெஷின்ல ரொம்பி வழியுதுங்க. கம்ப்யூட்டருலதான் ஒண்ணையும் காணோம். நகல் எடுத்தேன், அப்புறம் பார்த்தா சுத்தமாத் தொடச்சு உட்ட மாதிரி இருக்குதுங்க."

சிரிப்பு அதோடு நின்றுவிட்டது. எந்தத் தட்டு முட்டைகள் எப்போது இன்குபேட்டர் என்ற அடைகாக்கும் இயந்திரத்துக்குள் போயின என்பது அந்தக் கோப்புகளில் மட்டும்தான் இருந்தது. அதைப் பார்த்துத்தான் பொரிக்கப்போகிற தட்டுகளை வேறு அறைக்கு மாற்றுவார்கள். மாற்றத் தவறினால் குஞ்சுகள் இயந்திரத்துக்குள்ளேயே பொரித்துச் செத்துப்போகும். அடுத்த மாற்றம் அன்று சாயங்காலம்.

"ஐயா, எதையும் தொடாதீங்க. அணைக்கவும் வேண்டாம். இப்பவே வாரேனுங்க."

கணவர் மில்லில் ஷிப்டுக்குப் போயிருந்தார். மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு சிங்காநல்லூர் போய் பல்லடம் பஸ் பிடித்தேன். வழியெல்லாம் புரோகிராமின் வரிகளை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். எழுதியவள் நான்தான். நகலை எங்கே வைக்க வேண்டும் என்று அது கேட்கும். சொன்ன இடத்தில் கிடக்கும் பழைய நகலை அழிக்கும், பிறகு புதியதை வைக்கும். அழிப்பதற்கு முன் சோதனைகள் வைத்திருந்தேன். கட்டம் காலியா? வெறும் இடைவெளி மட்டும் அடித்திருக்கிறார்களா? அப்படி ஓர் இடம் உண்மையில் இருக்கிறதா? மகள் கைக்குள் எதை மூடினாலும், வாய்க்குப் போகும் முன் விரலைப் பிரித்துப் பார்ப்பவள் நான். புரோகிராமையும் அப்படித்தான் பார்த்தேன். "புரோகிராமுக்குத் திருஷ்டி சுத்திப் போட்டுட்டு எடுத்துட்டுப் போங்கம்மா" என்று ஆபீசில் கேலி செய்தார்கள்.

போய்ச் சேர்ந்ததும்தான் தெரிந்தது. வழக்கமாக அந்தக் கம்ப்யூட்டரில் உட்காரும் பெண் அக்கா கல்யாணத்துக்கு லீவு போட்டிருந்தாள். அவளுக்குப் பதிலாகக் கணக்கர் உட்கார்ந்திருக்கிறார்.

"நகல் வைக்கிற இடம் கேட்டதுக்கு என்னங்க அடிச்சீங்க?"

"நமக்கென்னங்க தெரியும்? புள்ளி வெச்சேன்."

"புள்ளியா?"

மேசைமேல் இருந்த தீவன ரிஜிஸ்டரைத் திருப்பிக் காட்டினார். எழுத எதுவும் இல்லாத ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு புள்ளி. "காலியா உட்டா பார்க்காமயே உட்டுப்போட்டோம்னு ஆயிருமுங்க. பின்னால எவனாச்சும் எழுதியும் போடுவான். புள்ளி வெச்சா, பார்த்தாச்சு, எழுத ஒண்ணுமில்லைன்னு அர்த்தம். இங்க எல்லாருமே அப்படித்தானுங்க."

கம்ப்யூட்டருக்கு ஒற்றைப் புள்ளி காலி இடம் அல்ல. 'நான் இப்போது நிற்கிற இதே இடம்' என்று பொருள். கட்டம் காலியா என்று என் சோதனை கேட்டது, இல்லை. அப்படி ஓர் இடம் இருக்கிறதா என்று கேட்டது, இருக்கிறது. நான் வைத்த காவல் ஒவ்வொன்றும் ஒதுங்கி வழிவிட்டிருக்கிறது. மூலத்தையே பழைய நகல் என்று அழித்துவிட்டு, நகலெடுக்க ஒன்றும் இல்லாமல் புரோகிராம் வேலையை முடித்திருக்கிறது. ஆங்கில எழுத்தில் நான் எழுதிவைத்திருந்த 'நன்றி' இன்னும் திரையில் நின்றது. என் மரியாதையைப் பார்க்க எனக்கே எரிச்சலாக இருந்தது.

மகளைக் கணக்கர் மடியில் விட்டேன். அழித்ததை மீட்கும் கட்டளை ஒன்று உண்டு. ஒவ்வொரு கோப்பின் பெயரிலும் முதல் எழுத்தை மட்டும் தொலைத்துவிட்டு, அது என்ன என்று நம்மிடமே கேட்கும். பெயர் வைத்த எனக்கே இரண்டு இடத்தில் மறந்துபோனது. ஒருவழியாகத் தட்டுகளின் பட்டியல் திரையில் வந்தபோது அவர் "சாமீ" என்றார். அதை அவர் சத்தமாகப் படிக்கப் படிக்க, உள்ளே தட்டுகளை மாற்றினார்கள்.

கிளம்பும் முன் இன்னொரு சோதனை சேர்த்தேன். சொன்ன இடமும் நிற்கிற இடமும் ஒன்றானால் எதையும் தொடக்கூடாது.

"ஐயா, நீங்களே அடிச்சுப் பாருங்க."

அவர் யோசித்தார். விரலை நீட்டி, மறுபடியும் ஒரு புள்ளி வைத்தார். திரை மறுத்தது.

"பழக்கமுங்க அம்மணி" என்று வெட்கப்பட்டுச் சிரித்தார்.

திரும்பும் பஸ் சூலூர் வரும்போதுதான் உறைத்தது. கம்ப்யூட்டருக்கு இரண்டு புள்ளிக்கும் ஒரு பொருள் உண்டு: ஒரு படி மேலே உள்ள இடம். அங்கே இருந்தது கம்ப்யூட்டரில் ஏற்றிய அவர்களுடைய தீவனக் கணக்கு. நான் சேர்த்த புதிய சோதனை அதைத் தடுக்காது. தூங்கும் மகளோடு இறங்கி எஸ்.டி.டி. பூத்துக்குள் நுழைந்து பொரிப்பகத்துக்குப் போன் போட்டேன்.

"ஐயா, ரெண்டு புள்ளி வைக்கிற பழக்கம் ஏதாவது உண்டுங்களா?"

"அதெப்படிங்க அம்மணி உங்களுக்குத் தெரியும்?" அவர் குரலில் அவ்வளவு ஆச்சரியம். "அப்புறமாக் கேட்டு எழுதிக்கலாம்னா ரெண்டு புள்ளிங்க."

சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் போய், பல்லடம் பஸ்ஸுக்கு நின்றேன்.